வெளியே பூட்டு

பதினோரு நாள்
என் வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது.
உள்ளே நான் இருந்தேன்.

பூட்டியவன் தம்பி ஏசுபாதம்.
"ஊர்ல இல்லன்னு நெனச்சிப்பாங்க" என்று
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மணலிக்கு ஷிப்டுக்குப் போனான்.
ராத்திரி ஒரு மணிக்கு வருவான்
பரோட்டாப் பொட்டலத்தோடு.

ஃபேன் போடக் கூடாது.
இருமல் வந்தால் தலையணைக்குள்.
போனை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தேன்.
அது உள்ளே கிடந்து நடுங்கிக்கொண்டே இருந்தது.

இருபது பேர் கட்டிய சீட்டு.
மொத்தமாய்த் தூக்கி
மாசம் பத்து வட்டி தருகிறேன் என்றவனிடம் கொடுத்தேன்.
அவன் ஆபீசில் ஏசி இருந்தது.
அதை நம்பினேன்.

கொருக்குப்பேட்டை கேட் சாத்தும் மணி கேட்கும்.
கூட்ஸ் வண்டி போகும்.
வேறு வேலை இல்லை,
காதாலேயே பெட்டிகளை எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு.
சில ராத்திரி ஐம்பத்தொன்பது வந்தது,
என் தப்பாக இருக்கலாம்.

வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.
தனபாக்கியம்.
ஏய், தனபாக்கியம்.
அப்பா ஆசையாய் வைத்த பேர்
கதவுக்கு இந்தப் பக்கம் வரும்போது
கெட்ட வார்த்தையாகியிருந்தது.

ஒன்பதாம் நாள் பிலோமினா மகள் ரோஸ்லின் வந்தாள்.
அவள் காலேஜ் ஃபீஸ் அந்தச் சீட்டில் இருந்தது.
கத்தவில்லை. தட்டவும் இல்லை.
படியில் உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொண்டாள்.
உள்ளே நானும் அதே கதவில் சாய்ந்திருந்தேன்.
அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தது கேட்டது.
அன்றைக்குத் தண்டவாளத்தை நினைத்தேன்.
கதவு வெளியே பூட்டியிருந்தது.
தம்பி பூட்டியது அதற்காக இல்லை.

பதினோராம் நாள் தண்ணி லாரி.
டிரம்மில் அடிமட்டம் தெரிந்தது.
குடங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்,
சண்டை, டிரைவரின் ஹாரன்.
ஊரில் இல்லாதவள் எப்படிக் குடம் எடுத்துப் போவாள்?

பின்ஜன்னல் கம்பிக்குள்
பச்சை ஓஸ் ஒன்று நுழைந்தது.
"தண்ணி வந்துகீது. கொடத்த வை."
கம்சலா.
அவளுக்கு நான் தரவேண்டியது நாற்பத்திரண்டாயிரம்.
நான் மூச்சு காட்டவில்லை.

"பத்து நாளா இந்தூட்டு சாக்கடையில தண்ணி ஓடுது.
பூட்டின வூட்ல பேயா குளிக்குது?
மூணு கொடம்தான். பின்னால ஆளு நிக்கறாங்கோ."

ஆளு நிக்கறாங்கோ.
அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும்.
எல்லோருக்கும் தெரிந்து
எனக்கு மூணு குடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மூன்றாவது நிரம்பியதும் ஓஸை உருவினாள்.
"எங்காசு நான் மறக்கல" என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தேன்.
முதலில் வந்தது ஒரு செருப்பு,
என் தோளில்.
சாயங்காலம் அவளே வந்து
அதைக் கேட்டு வாங்கிப் போனாள்.

இப்போது எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில்
மற்றவர்கள் விரித்துப் போட்டதை மடிக்கிறேன்.
சில நாள் நானூறு புடவை.
அதே சீட்டு நோட்டைத் தலைகீழாய்த் திருப்பி
கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.
தினம் இருநூறு, ஒரு நாளைக்கு ஒருவர்.
எல்லாம் தீரப் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகும்.
பிலோமினா பணத்தை வாங்கிக்கொள்கிறாள்,
பேசுவதில்லை.
அது அவள் உரிமை.
ராத்திரி ஃபேனை அஞ்சில் வைத்துத் தூங்குகிறேன்.
கடகடவென்று வீடே அறியச் சத்தம்.

நேற்று கேட் சாத்தியிருந்தது.
பக்கத்தில் வந்து நின்றாள் ரோஸ்லின்,
கழுத்தில் ஏதோ கம்பெனி அட்டை.
நகர இடமில்லை. பின்னால் ஆட்டோ.
வண்டி எங்கள் முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னும் எவ்ளோ இருக்கு?" என்றாள்,
முகத்தைத் திருப்பாமல்.

"அம்பத்தெட்டு" என்றேன்.
"முப்பது போயிடுச்சி."