நிகர எடை

புளியரை எடைமேடையில் இரவு ஷிப்ட்.
ஆரியங்காவுக் கணவாய்க் காற்று
தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கும்.
எம்-சாண்ட் லாரிகள் எஸ் வளைவுக்கு முன்
இரைந்தபடி வரிசையில் நிற்கும்.
"எத்ர?" என்பார் சஜீவன், சன்னலில் தலை நுழைத்து.
முப்பத்தோராயிரத்து நானூற்று இருபது.
சீட்டு கிழிப்பேன். அடுத்தது.

இரண்டு லாரிக்கு நடுவே எனக்கு வகுப்பு.

கடலுக்கு அப்பால் ஏதோ பல்கலைக்கழகம்.
பொருட்களின் வலிமை, முப்பத்தாறு பாடம்,
குறிப்பு, வினாத்தாள், விடை உட்பட.
கடவுச்சொல் கேட்கவில்லை. கட்டணம் கேட்கவில்லை.
பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் ஏன் நின்றாய் என்றும்
கேட்கவில்லை.
தமிழ்நாட்டு டவர் பாதியில் விட்டால்
கேரளத்து டவர் மீதியை இறக்கும்.

நாலாம் பாடத்தில்தான் தெரிந்தது:
லாரி ஏறும்போது மேடைக்கு அடியில்
ஓர் இரும்புத் துண்டு
மயிரிழையிலும் சிறிதாய் வளைகிறது.
அந்த வளைவைத்தான் ஆறு வருடமாய்
எடை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
சஜீவனிடம் சொன்னேன்.
"அதினு?" என்றார்.
அதற்கொன்றுமில்லை.

நேற்று பாடத்தின் தலைக்கு மேல் சிவப்பு எழுத்து.
மார்ச்சோடு நிதி முடிகிறது.
பணம் தரும் அறக்கட்டளை கணக்குக் கேட்கிறதாம்:
யார் படித்தார், என்ன ஆனார்.
படித்தவர்கள் நாலு வரி எழுதினால்
நீட்டிப்பார்களாம், ஒருவேளை.

கணக்கு எனக்குத் தெரிந்த வேலை.
மொத்தத்தில் வெற்று வண்டியைக் கழித்தால் நிகரம்.
இந்தச் சரக்கோ
நான் இறக்கிய பிறகும் அங்கே குறையவில்லை.
எதை எதிலிருந்து கழிப்பது?
கோயில் விளக்குக்கு ஆடு விட்ட கல்வெட்டில்
சாவா மூவாப் பேராடு என்று வெட்டியிருக்கும்,
எட்டாம் வகுப்பில் படித்தது.
ஆடு சாகும்; தொண்ணூற்றாறு மட்டும் சாகாது.
குறையாமல் ஒருவன் மேய்க்க வேண்டும்,
தினம் நெய் அளக்க வேண்டும்.
இங்கேயும் எவரோ மேய்க்கிறார்.
அவருக்கும் வாடகை உண்டு, கரண்ட் பில் உண்டு.

என்ன ஆனேன்?
அதே நாற்காலி, அதே பதினோராயிரம்.
அதை எழுதினால் நிதி நிற்கும்.
இன்ஜினியர் ஆனேன் என்று எழுதினால்
பொய்ச் சீட்டு. இந்த மேடையில் நான் கிழித்ததில்லை.

மூன்று மணிக்கு வைக்கோல் லாரி ஒன்று சாய்ந்து வந்தது.
எடை சரி. பாரமெல்லாம் இடப்பக்கம்.
வளைவில் கவிழும், அவிழ்த்துக் கட்டுங்கள் என்றேன்.
ஓட்டுநர் என்னைத் திட்டிக்கொண்டே கட்டினார்.
அது பாடத்தில் படித்ததா, பார்த்துப் படித்ததா,
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.
எழுதாமல் விட்டேன்.

விடியுமுன் அனுப்பியது இவ்வளவுதான்:

பெயர் மெஹராஜ் பானு. ஊர் செங்கோட்டை.
பதினாறு பாடம் முடித்துவிட்டேன்.
பதினேழில், ஐயா, பலகையின் வலது மூலையை
உங்கள் தோள் மறைக்கிறது.
ஏழு தடவை ஓட்டிப் பார்த்தேன்.
எம் என்ற எழுத்துக்கு முன்னால் இருப்பது
கூட்டலா, கழித்தலா?
மார்ச்சுக்குள் சொல்லுங்கள்.