அனுப்புநர்

வார்டோவில் நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதிவரை திரும்பாது.
ஜன்னலைப் பார்த்து மணி சொல்ல முடியாத ஊரில்
துறைமுக அலுவலகத்து ரவுட்டர்
நாற்பத்து மூன்று நிமிடம் பின்தங்கி ஓடிற்று.

தோர்லைஃப் பதிவேட்டை என் மேசையில் போட்டார்.
ஸ்கார்வ் படகு, வந்து சேர்வதற்கு முன்பே
வந்து சேர்ந்திருக்கிறது.
"மீன் இன்னும் கடலில், ரசீது இங்கே"
என்றார், சிரிக்காமல்.

மாடிப்படிக்குக் கீழே
ஈர மழைக்கோட்டுகள் தொங்கும் அலமாரியில் அது.
நான்கு வாசல்:
வாட்சோவுக்குப் போகும் ஒளியிழை, குன்றின்மேல் ரேடியோ,
பனி மூடினால் செத்துப்போகும் செயற்கைக்கோள் தட்டு,
அப்புறம் நாங்கள் இருக்கும் உள்பக்கம்.

கட்டிடத்தில் எல்லோருக்கும் ட்ரோம்சோ கிடைக்கிறது.
வானிலைப் படம் வருகிறது, சம்பளச் சீட்டு வருகிறது,
கிடங்கில் யோருன் முகம் தெரியாத ஒருவனோடு
சதுரங்கம் ஆடித் தோற்கிறாள்.
எல்லோர் கடிதத்தையும் சுமக்கிற இதற்கு மட்டும்
பதில் இல்லை.

மணி என்ன, மணி என்ன என்று
நிமிடத்துக்கொரு தரம் கேட்டிருக்கிறது.
நடு இரவில் அஸ்லாக்கை எழுப்பினேன்.
ட்ரோம்சோவில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்துச் சொன்னான்:
"உன் பெட்டி கேட்கிறது. இங்கே பதிலும் எழுதுகிறோம்.
ஆனால் அது சொல்லும் முகவரிக்கு
எங்களிடம் வழியே இல்லை."

எந்த வாசலால் வெளியேறுகிறதோ
அந்த வாசலின் எண்ணையே அனுப்புநர் என்று போட்டுவிடும்.
சொல்லித் தராவிட்டால் எந்த ரவுட்டரும் அப்படித்தான்.
அதுவோ இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஓடும்
ஒரு கம்பிக்கு வைத்த பெயர்.
பாலத்தின் பெயரை வீட்டு முகவரியாக எழுதினால்
தபால்காரன் என்ன செய்வான், பாவம்.

உள்ளே ஐந்தாவதாக ஒன்று உண்டு.
கம்பி கிடையாது, துளை கிடையாது,
பச்சை விளக்கு மினுக்காது. லூப்பேக்.
எந்த வாசல் மூடினாலும் அது மூடாது.
எனக்கு முன்னால் இங்கிருந்த எவரோ ஒரு புண்ணியவான்
அந்த எண்ணை மட்டும்
ட்ரோம்சோவின் வழிப்பட்டியலில் ஏற்றிவைத்திருக்கிறார்.

ஒரே வரி தட்டினேன்:
இனி மணி கேட்டால் இந்தப் பெயரில் கேள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மழைக்கோட்டுகளிலிருந்து சொட்டியது.
பிறகு கடிகாரம்
இரண்டு பதினொன்றிலிருந்து
இரண்டு ஐம்பத்து நான்குக்குத் தாவிற்று.
நடுவில், பதிவேட்டின்படி,
இந்தத் துறைமுகத்தில் யாருமே இல்லை.

மேலே வந்து மிகைநேரப் படிவத்தை எடுத்தேன்.
நிரந்தர முகவரி என்ற கட்டத்தில்
ஹம்மர்ஃபெஸ்ட் என்று கை தானாக எழுதப் போய்
பாதியில் நின்றது.
அந்த வீட்டுக்குப் போகிற என் தபாலை
இப்போது வேறொருத்தி பிரித்துப் பார்க்கிறாள்.