நாற்பது நிமிடம்

வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை.
பதினான்கு சி.
ஓடைக்குரிய நீலக்கோடு அல்ல,
வடிகாலுக்குரிய கறுப்பு:
டர்பனில், கிளேர் எஸ்டேட் மேட்டிலிருந்து
பால்மியட் ஆறுவரை
ஆயிரத்து இருநூறு மீட்டர் காங்கிரீட்.

தண்ணீரைத் துரத்துவது அதன் வேலை.
துரத்தியது.
மேட்டில் பெய்தது பதினோராம் நிமிடம்
பாலத்தடித் தகரக் குடில்களில்
கட்டில்காலை நனைத்தது.

நான் நகராட்சியில் நீர்மட்டம் படிப்பவள்.
கம்பத்தின் கோடுகளில் எந்தக் கோடு ஈரம் என்று
எழுதி அனுப்பிப் பத்து வருடம்.

இருபத்துநான்கு பழைய கார் நிற்கும் முற்றத்தில்
பாதியைக் கேட்டுப் போனேன்.
தனசேகரன் பாத்தர் உட்காரச் சொல்லவில்லை.
"என் வாசலைத் தாண்டிய தண்ணி
என் தண்ணி இல்லைம்மா."
மூன்று வருடம், ஏழு கடிதம்.
கடைசியில் கையெழுத்திட்டது மனம் மாறி அல்ல,
சொத்துவரித் தள்ளுபடிக்கு.
அதையும் எழுதிவைக்கிறேன்;
ஆறு கையெழுத்தைத்தான் பார்க்கும்,
காரணத்தை அல்ல.

உடைத்தோம்.
பாளம் பாளமாகப் பெயர்த்த காங்கிரீட்டுக்கு அடியில்
கறுத்த சேறு, இன்னும் ஈரமாக.
நாங்கள் வாங்கிய நாணல் லாரியில் வருமுன்னே
விரல் நீளத்துக்கு நாணல்
தானே நின்றது.

களையெடுக்கும் குழுவுக்கு ஸானெம்வூலா தலைவன்.
பெயருக்கு, மழையோடு வந்தவன் என்று பொருள்;
பாலத்தடியில் மூன்றாவது குடில் அவனுடையது.
வெட்ட வேண்டிய அந்நியச் செடிகளின் பட்டியலை
நான்தான் வாசித்தேன்:
உண்ணிச்செடி, ஆமணக்கு, கொய்யா,
மலைவேம்பு...
வாசித்தவளின் குரல் ஒரு கணம் தடுக்கியது.
அவன் சிரித்தான்.
"பயப்படாதே, முதலியார் என்று
இதில் எதுவும் இல்லை."

வாசலில் ஓடிய நீரை
வளைத்து, படுக்கவைத்து, கோரைக்குள் தொலைத்து,
கல்லுக்குக் கல் நின்று விசாரிக்க வைத்தோம்.
அண்டை வீட்டார் கொசு என்றார்கள்.
பாம்பு என்றார்கள்.
வரிப்பணம் என்றார்கள்.
தூக்கணாங்குருவி ஒன்றும் சொல்லாமல்
நாணலைக் கிழித்துக்கொண்டு போனது.

சித்திரை இங்கே இலையுதிர்காலம்.
புத்தாண்டுக்கு முந்தின இரவு
வானம் வாளியைக் கவிழ்க்கவில்லை,
வாளியையே எறிந்தது.
கம்பத்தில் ஒரு மீட்டர். ஒன்றரை.
டார்ச் வெளிச்சத்தில் கோடுகளை எண்ணினேன்.
பதினோரு நிமிடம் ஆயிற்று.
கீழே ஸானெம்வூலா தொலைபேசியில்: "இன்னும் வரலை."
இருபது. "வரலை."
கோரை படுத்துவிட்டது,
படுத்தபடியே பிடித்துக்கொண்டிருந்தது.
முப்பத்தைந்து. "கதவெல்லாம் தட்டிட்டோம்."
ஐம்பத்தொன்று.
வந்தது.

வெள்ளத்தை நாங்கள் நிறுத்தவில்லை.
நாற்பது நிமிடம் வாங்கினோம்.
அதில் ஏறிவந்தவை:
நூற்றுப்பத்துப் பேர், அடையாள அட்டைகள்,
ஒரு தையல் மெஷின், ஒரு டயாலிஸிஸ் நோயாளி
முதுகுமாற்றி முதுகில்,
யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஆடு.
ஏறாதவை: பதினேழு குடில்.
மூன்றாவதும் அதில் ஒன்று.

படிவத்தில் உச்சமட்டத்துக்குக் கட்டம் உண்டு.
இரண்டு புள்ளி எட்டு என்று நிரப்பினேன்.
தாமதத்துக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதியதை
மேலதிகாரி அழிக்கச் சொல்லவில்லை,
படிக்கவும் இல்லை.

ஸானெம்வூலா மறுவாரம் வந்தான்,
தன் வீட்டுத் தகரத்தைத் தேடியல்ல,
சாய்ந்த கோரைக்கு முட்டுக் கொடுக்க.
எங்கே தூங்குகிறாய் என்று கேட்டேன்.
மண்வெட்டியைக் கொண்டா என்றான்.

பிறகு ஓர் இரவு, பதினொன்றரைக்கு, பாத்தர்:
"தவளை தூங்க விடலை.
என்ன செய்யுது உங்க நகராட்சி?"
புகாரைப் பதிந்தேன். எண் கொடுத்தேன்.
எவ்வளவு சத்தம் என்று
குறிப்பிட வேண்டும், ஐயா.

ஜன்னல் திறக்கும் ஒலி.
போனை வெளியே நீட்டியிருக்க வேண்டும்.
நெடுநேரம்
அவரும் பேசவில்லை,
நானும் வைக்கவில்லை.