நகத்துக்குத் தெரிந்தது

நகம் பட்டால் கீறல் விழும்.
இதற்கும் விழும், ஜிப்சத்துக்கும் விழும்.
கம்பெனி எனக்கு நம்பிக் கொடுத்த கருவி
இந்த வலது கட்டைவிரல் நகம் ஒன்றுதான்.
போக, ஒரு பென்சில், ஒரு ரசீதுப் புத்தகம்.

சால்ட்டா நகரிலிருந்து ஒன்பது மணி நேரம்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
உப்புப் பொருக்கை உடைத்து
அடிச்சேற்றில் கைவிட்டுத் தோண்டுகிறார்கள்.
உருண்டை உருண்டையாக வருகிறது.
அவர்கள் வாயில் அது கிழங்கு.
யூலெக்சைட் என்பது
ரசீதில் நாங்கள் எழுதுவது.

பிட்டால் உள்ளே பட்டு.
ஊசி ஊசியாய், ஈரமாய்,
கைக்குக் கனமே தெரியாத வெள்ளை.
வேறு தேசத்தில் இதே கல்
நார்நாராக இறுகிக் கிடக்குமாம்;
காகிதத்தின் மேல் வைத்தால்
அடியில் இருக்கும் எழுத்து
கல்லின் உச்சிக்கு ஏறி நிற்குமாம்.
இங்கே அந்த வித்தையெல்லாம் கிடையாது.
பஞ்சு. அவ்வளவுதான்.

பசிலியா கல்பான்சாய்
பதினோரு மூட்டை அடுக்கியிருந்தாள்.
வெளுத்ததெல்லாம் பால் என்று போன மாதம் எடுத்தேன்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.
ஆகவே இந்த மாதம் எனக்கு
வெளுத்ததெல்லாம் ஜிப்சம்.
நாலு மூட்டைக்குக் குறுக்குக்கோடு இழுத்தேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை.
கன்னத்தில் அடக்கியிருந்த கோக்கா இலையை
மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு
ரெமிஹியோவின் லாரிக்குப் போனாள்.
பேட்டரி மூடியைத் திருகி
பேனாக் குழலில் இரண்டு சொட்டு அமிலம்.
குளிருக்குக் குடிக்கிற சாராயம் ஒரு மூடி.
நான் தள்ளிய மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை.
எல்லாம் ஒரு மத்தி டப்பாவில்.

காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
தீக்குச்சி கிழித்தாள்.

முதலில் மஞ்சள்.
உப்பு, என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.
பொறு, என்றாள்.

மஞ்சளின் ஓரத்தில் மெல்ல
பச்சை கரை கட்டியது.
இலைப் பச்சை இல்லை, கிளிப் பச்சை இல்லை.
அந்த மேட்டில் ஒரு மரம்கூட இல்லை,
ஒப்பிட்டுச் சொல்ல.

அவள் சுடரைப் பார்க்கவில்லை.
என் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு கோட்டையும் அழித்தேன்.
அழிரப்பர் இல்லை, எச்சில் தொட்டுத்தான்.
எழுந்திருக்கப் போனபோது சொன்னாள்:
மூன்றாவது மூட்டையையும் கொளுத்திப் பார்.

நான் காலையில் கீறிப் பார்த்து
சரி என்று எழுதிய மூட்டை அது.
கொளுத்தினேன்.
சாராயம் தன் நீலத்திலேயே எரிந்து தீர்ந்தது.
டப்பாவில் அப்படியே வெள்ளை மாவு.

"சுவருக்குப் பூச வைத்திருந்தது," என்றாள்.
"உன் நகத்தைச் சோதிக்கத்தான் நடுவில் வைத்தேன்."
மூட்டையைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு போனாள்.
ரெமிஹியோ சிரித்தான்.
கொஞ்ச நேரம் கழித்து நானும்.

பத்து மூட்டைக்கு ரசீது.
இறக்கத்தில் லாரி குலுங்கக் குலுங்க
கட்டைவிரலை முன்விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருக்கிறது
கொஞ்சம் வெள்ளை.
எந்த மூட்டையுடையது என்று
சொல்லத் தெரியவில்லை.