இருபத்தைந்தா, இருபத்தாறா

நெயில் பாலிஷால் ஒரு பல்லில் குறியிட்டுவிட்டு
எண்ணத் தொடங்கினேன்.
கத்தரிப்பூ நிறம். அன்று கைப்பையில் இருந்தது
அது ஒன்றுதான்.

சிவாஜிநகர் குஜரியில்
மதியத் தொழுகைக்கு முந்தைய கால் மணி நேரம்.
குத்தூஸ் பாய் கடைக்குள் வெளிச்சம்
கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே
காசு காசாக விழுகிறது.
உத்தரத்தில் வரிசையாகத் தொங்குகின்றன
நூறு ட்ரைவ் ஷாஃப்ட்டுகள்,
ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வழிய.
கசாப்புக்கடை மாதிரி என்று சொல்லத் தோன்றும்.
சொல்ல மாட்டேன். பக்கத்துக் கடையே அதுதான்.

என் ஜென்னுக்கு வயது இருபத்து மூன்று.
அதன் வயிற்றில் இப்போது பலேனோவின் எஞ்சின்,
மவுண்ட் இரண்டு வெட்டி, ஒன்று வளைத்து,
உட்கார வைத்தாயிற்று.
கியர்பாக்ஸும் அதோடே வந்தது.
வராதது, கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரைக்குமான
ஒன்றரை அடி இரும்பு.

உள் முனை பலேனோவுக்குப் பொருந்த வேண்டும்.
வெளி முனை ஜென்னின் ஹப்புக்கு.
நடுவில் இருப்பது யாருடையது என்று
யாரும் கேட்கப் போவதில்லை,
பல் சரியாக இருந்தால்.

இருபத்தைந்து.
இன்னொரு முறை: இருபத்தாறு.
கத்தரிப்பூப் பல்லை இரண்டு தரம் எண்ணினேனா,
எண்ணாமலே விட்டேனா.
"கோரமங்களா ஆபீஸ்ல கோடிக் கணக்கு பாக்குறேன்னு
சொன்னீங்களே மேடம்"
என்றார் பாய், சிரிக்காமல்.

வலது பக்கம் அன்றே ஏறியது.
டக்.
சர்க்கிளிப் தன் பள்ளத்தில் விழும் அந்த ஒற்றைச் சத்தத்துக்காக
ஸ்டாண்டில் நின்ற வண்டிக்கு அடியில்
முனிராஜுவும் நானும் மூச்சடக்கிக் கிடந்தோம்.
கத்தரிப்பூப் பல் உள்ளே போய்விட்டது,
இருட்டுக்கும் எண்ணெய்க்கும்.

இடது பக்கம் டக் இல்லை.
ஒரு விரற்கடை நீளம் கூடுதல்.
வெட்டி வெல்டு வைக்கலாமா என்று கேட்டதற்கு
லேத்துக்காரர் சித்தலிங்கையா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வெக்கலாம். நேரா போனா போகும்.
முதல் கியர்ல ஒடிச்சுத் திருப்புற அன்னிக்கு
என் பேரச் சொல்லித் திட்டுவீங்க. வேணாம்."

மூன்றாவது சனிக்கிழமை கிடைத்தது,
என்ன வண்டியுடையது என்று பாய்க்கே தெரியாத ஒன்று.
பூட்டைப் பிதுக்கினேன்.
கிரீஸோடு வண்டல் வந்தது,
நகக்கண்ணை விட்டுப் போகாத கறுப்பு வண்டல்,
கூடவே மிளகளவு ஒரு நத்தை ஓடு.
மோதி வந்த வண்டி இல்லை இது. முங்கி வந்தது.
ஏரி தன் பழைய விலாசத்தை விசாரித்துக்கொண்டு
அடுக்ககத்தின் சரிவுப் பாதையில் இறங்கிய இரவில்
யாரோ ஆறாவது மாடியில் நின்று
தண்ணீருக்கடியில் இண்டிகேட்டர் தானாக மினுங்குவதைப்
பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.
அதற்கு அடுத்த நாள் இன்சூரன்ஸுக்கு போன்.

இந்த முறை எண்ணவில்லை.
ஜென்னின் ஜாயிண்ட்டையே பழைய துண்டில் சுற்றிக்
கொண்டுபோயிருந்தேன்.
செருகினேன். நுழைந்தது. ஆடவில்லை.
முதல் நாளே செய்திருக்கலாம் என்று
பாய் சொல்லவில்லை,
எண்ணூறு ரூபாய் என்று மட்டும் சொன்னார்.

இரவு ஒன்பது நாற்பதுக்கு
டக்.
முனிராஜு கை துடைக்காமலே போய்
இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தான்.

ஓட்டிப் பார்க்க டேனரி ரோட்டில் திருப்பினேன்.
எஞ்சினில் தொண்ணூற்றுச் சொச்சம் குதிரைகள்.
முன்னால் ஒரு தண்ணீர் லாரி,
அதற்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம்.
அரை கிளட்ச்சில், முதல் கியரில்,
இருபது நிமிடத்துக்கு இருநூறு அடி.
இடது கண்ணாடியை இறக்கி
ஸ்டியரிங்கை ஒடித்துக் காதைச் சாய்த்தேன்,
கடகடவென்று ஏதாவது கேட்கிறதா என்று.
பேண்டுக்காரர்கள் விடவில்லை.