பாரோ, லெண்ட்

கத்திவாக்கத்தில் ஏறினால்
ராயபுரத்துக்கு இத்தனை நிமிடம் என்கிறது அட்டவணை.
அட்டவணைக்குக் கொருக்குப்பேட்டை சிக்னலைத் தெரியாது.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சொல்.
லேபில் வீணாய்ப்போன ரசீதுகளின் முதுகில்
ஊதா மையில் எழுதி
டிபன் பாக்ஸ் ரப்பர் பேண்டில் செருகிக்கொள்கிறேன்.
சாம்பார் கசிந்த அன்று
'ரிலக்டன்ட்' மஞ்சளாகிவிட்டது.
அதனால்தானோ என்னவோ அது மட்டும் மறக்கவில்லை:
அரைமனசாய்,
ஊசியைப் பார்த்தபின் நீளுகிற கை.

இடைநிலைத் தேர்வு.
மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.
எங்கள் மாடியின் மூன்றாவது படி மாதிரி,
தண்ணி லாரி வரும்வரை குடம் காத்திருக்கும் இடம்.

ஆங்கிலம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?
ஃபாஸ்டிங், யூரின், கிரியேட்டினின்,
பெண்டிங், டியூ, டிரெய்னேஜ், கரண்ட் கட்.
இவற்றில் ஒன்றைக்கூட மனப்பாடம் செய்ததில்லை.
பூட்டை உடைக்காமல் உள்ளே வந்து
பாயில் படுத்துக்கொண்ட சொற்கள்.
புத்தகத்தில் இருப்பவை
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
வரலாமா என்று நிற்கின்றன.
பிக்சரஸ்க். இட்டினரரி. கோஸி.
கோஸிக்கு நேரே
'சிறிய, கதகதப்பான, மனதுக்கு இதமான வீடு' என்று போட்டிருக்கிறது.
பத்துக்குப் பத்தில் ஐந்து பேர்.
மே மாதம்.
கதகதப்புக்குக் குறைவே இல்லை.

எழுபத்தோராம் பக்கத்தில்தான் தகராறு.
பாசிட்டிவ்: நல்லது, நம்பிக்கை தருவது.
உதாரண வாக்கியத்தில் யாரோ டேவிட்,
பாசிட்டிவான ஆளாம், எல்லோருக்கும் அவனைப் பிடிக்குமாம்.
எங்கள் கவுண்டரில் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்
நாற்காலியை அவர்கள் பக்கம் நகர்த்துவேன்.
நெகட்டிவ் என்றால்தான்
மாதாவே என்பார்கள், அல்ஹம்துலில்லா என்பார்கள்.
ஒருவர் மறுநாள் வஞ்சிரமே கொண்டுவந்து கொடுத்தார்.
கோடிட்ட இடத்தில் எதை எழுத?
டேவிட்டுக்காக 'நல்லது' என்று நிரப்பினேன்.
மார்க்கு முக்கியம்.

தண்டையார்பேட்டையில் மெகருன்னிசா ஏறுவாள்.
அதே பரிட்சை, அதே புத்தகம், அவளுடையது ஜெராக்ஸ்.
வண்டி சிக்னலில் நின்றதும் ஆரம்பிப்பாள்:
"டிலே, போஸ்ட்போன், கேன்சல். வித்தியாசம் சொல்லு."
"டிலே, இந்த வண்டி.
போஸ்ட்போன், உன் கல்யாணம்.
கேன்சல், என்னுது."
கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.
கதவோரம் மீன்கூடைக்காரம்மாவும்
எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

எனக்கு ஏறாதவை பாரோ, லெண்ட்.
தமிழில் வாங்கினாலும் கடன், கொடுத்தாலும் கடன்,
செத்தவருக்குச் செய்தாலும் கடன்.
ஆறரைக்குத் தண்டல் டில்லிபாபு வந்தான்.
பத்தாவதில் எனக்குப் பின்பெஞ்சு, இங்கிலீஷில் பதினேழு.
பரிட்சை ஃபீஸே அவனிடம் வாங்கியது:
நூறு நாள், நாளைக்கு நூறு,
கைக்கு வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு.
அட்டையில் கையெழுத்துப் போட்டபடி
என் தாளை எட்டிப் பார்த்தான்.
"இன்னா ரூபி இதுல குயப்பம்?
நான் லெண்டு. நீ பாரோ.
இதுக்குப் போயி புக்கு வாங்கினியா?"
அதன்பிறகு தப்பியதே இல்லை.

இரண்டு வாரமாய் எதிர் சீட்டில் மெகருன்னிசா இல்லை.
போஸ்ட்போன் ஆனது நடந்துவிட்டதாம்.
பரிட்சை கேன்சல்.
கடைசியாய்ப் பார்த்த அன்று
தன் சீட்டுக் கட்டை என் பையில் திணித்துவிட்டு இறங்கினாள்,
நான் கேட்கவுமில்லை, அவள் திருப்பித் தா என்று சொல்லவுமில்லை.
டில்லியின் கணக்கில் இதற்குச் சொல் கிடையாது.
அவள் கையெழுத்தில் எல்லாச் சொல்லும்
கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது,
வண்டி கிளம்பும்போது நாங்கள் சாய்வதுபோல.

அவள் கட்டிலிருந்து இன்றைய பன்னிரண்டாவது: ஸ்டில்.
அசையாமல் என்று ஒரு பொருள்,
நரம்பைத் தேடும்போது நான் தினம் சொல்வது.
இன்னும் என்று ஒரு பொருள்.
வண்டி நிற்கிறது.
ஸ்டில்.
ஸ்டில்.
வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல.
மீன்கூடைக்காரம்மா திரும்பிப் பார்க்கிறார்,
கூடைக்கு அடியிலிருந்து தூக்குவாளியை எடுத்துக் காட்டுகிறார்:
"ஸ்டீலுதாம்மா. இன்னாத்துக்குக் கேக்குற?"