ஒரு வரி முன்னால்

கோடை நாடக விழாவாம்.
பன்னிரண்டு மாதமும் வேர்க்கிற ஊரில்
ஜூன் விடுமுறைக்கு யாரோ சூட்டிய பெயர்.

காலாங் தொழிற்பேட்டை, ஆறாவது மாடி.
மீன் உருண்டைப் பெட்டிகள் இறங்கிய பிறகு
சரக்கு மின்தூக்கியில் ஏறினோம், பதினேழு பேர்.
எனக்கு இது அன்றைய மூன்றாவது.
முதலாவதில் நாற்காலிகளை நகர்த்தினார்கள்,
ஐம்பது நிமிடம், நாற்காலிகளை மட்டும்.
இரண்டாவதில் எல்லாரும் கத்தினார்கள்.
இரண்டுக்கும் ‘துணிச்சலான முயற்சி, ஆனால்’ என்று குறித்து
ஆனாலுக்குப் பின் இடம் விட்டிருந்தேன்.

மூன்றாவதில் ஒரு சமையலறை, ஒருத்தி.
மங்களேஸ்வரி.
பகலில் பலதுறை மருந்தகத்தில் எண் கூப்பிடுகிறவர் என்று
மடித்த தாள் சொன்னது.
தமிழ் தெரியாதவர்களுக்குச் சுவரில் ஆங்கிலம் ஓடியது.
சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது:
முதலில் நாங்கள் ஆறு பேர்,
வாசித்து முடித்த பிறகு பதினொரு பேர்.

மூன்று பேருக்கு அரிசி அளந்தார்.
தொலைபேசி அடித்தது. காதில் வைத்தார்.
இன்னும் ஒரு சொல் பேசவில்லை,
சுவர் ஒரு வரி முன்னால் போய்விட்டது.

பக்கத்து இருக்கைச் சீனப் பெண்மணி ‘ஐயோ’ என்றார்.
இந்த ஊரில் அந்தச் சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது.

மங்களேஸ்வரி நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.
பதினொரு முகங்களில்
அவர் தம்பி ஏற்கெனவே செத்திருந்தான்.

சொல்ல வேண்டிய வரி தொண்டை வரை வந்தது,
எனக்கே தெரிந்தது.
விழுங்கினார்.
தொலைபேசியைக் குப்புற வைத்தார்.
அளந்த அரிசியில் ஒரு கைப்பிடி அள்ளி
டப்பாவில் திரும்பப் போட்டார்.

சுவரைப் பார்க்காத எங்கள் ஆறு பேருக்கு
அரிசி சொன்னது.

கீழே காப்பிக்கடை. தே-ஓ-கோசோங்.
முந்நூற்றைம்பது சொற்கள், பன்னிரண்டு மணிக்குள்.
அடுத்த மேசையில் அவர்களே வந்து உட்கார்ந்தார்கள்,
என்னை யாரென்று தெரியாமல்.
சுவர் எழுத்தை ஓட்டிய பையன் அழுதிருந்தான்.
“கை தவறி ரெண்டு தடவ தட்டிட்டேன் அக்கா.”
இயக்குநர் இளம்பரிதி பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு
எதிர்ச் சுவரையே பார்த்தார்.
மங்களேஸ்வரி கண்மையைத் துடைத்தார்,
டிஷ்யூ கறுத்தது, இன்னொன்று எடுத்தார்.
“நாளைக்கும் ரெண்டு தடவ தட்டு.”

என் கைத்தொலைபேசியில் நான் எழுதி வைத்திருந்தது:
‘மொழிபெயர்ப்புத் திரை வசனத்தோடு ஒத்துப்போகவில்லை.
கவனக்குறைவு.’

நாளை கடைசிக் காட்சி.
விமர்சனம் வருவது திங்கட்கிழமை,
யாரையும் அந்த மின்தூக்கியில் ஏற்றப் போவதில்லை.
அழித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத்தான் அழிந்தது.

கடைக்காரர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டே வந்தார்.
அந்த ஐம்பது நிமிட நாடகத்தை
நாலு நிமிடத்தில் முடித்து
என் நாற்காலிக்காக நின்றார்.

எழுந்து, நின்றபடி தட்டினேன்:
ஒரு கைப்பிடி அரிசி திரும்பிப் போனது.

இன்னும் முந்நூற்று நாற்பத்தைந்து சொற்கள்.